கோமதிக்குக் காமாலை இல்லை

சில வாரங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டு வாசலில் கீழாநெல்லி குவிந்தது.

கட்டுக் கட்டாக. வேரோடு பிடுங்கி, மண் உதறி, வாழைநார் போட்டுக் கட்டி... ஒருவர் அம்மியில் அரைத்து உருண்டையாகவே கொண்டுவந்தார். இன்னொருவர் மோரில் கலக்கி, சொம்போடு. ஒரு வருடமாக என்னோடு பேச்சை நிறுத்தியிருந்த பக்கத்துத் தெரு அம்மாகூட கேட்டைத் திறந்துகொண்டு வந்து, “உன்கிட்ட பேச வரல. அந்தப் பொண்ணுக்காக வந்தேன்” என்று சொல்லி, வைத்துவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் காமாலை இல்லை.

சிரிக்கிறீர்களா? நானும் முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை. இதை எழுதலாமா என்று சம்பந்தப்பட்டவளிடமே கேட்டேன். “எழுதுங்க அண்ணி, பேர மட்டும் மாத்திடுங்க” என்றாள். மாற்றிவிட்டேன். கோமதி என்று வைத்துக்கொள்வோம்.

கோமதி என் தம்பி பொண்டாட்டி. தம்பி சேகர், தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் செம்புக்கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டித் தருகிற கடை வைத்திருக்கிறான். இரண்டு பேரும் எங்கள் தெருவிலேயே ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறார்கள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தங்கிய கரு. இரண்டு மாதம் முடிந்து மூன்றாவது நடந்துகொண்டிருந்தது. எனக்கும், எலவனாசூர்கோட்டையில் நடமாட முடியாமல் இருக்கும் அவள் அம்மாவுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. மூன்று மாதம் தாண்டும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது அல்லவா?

ஸ்கேன் எடுக்கப் போன அன்று டாக்டரம்மா பேசவே இல்லையாம். “எப்பவும் வளவளன்னு பேசிக்கினே பாப்பாங்க அண்ணி. அன்னிக்குப் பேசல. அப்பவே தெரிஞ்சிபோச்சி.”

துடிப்பு நின்றுவிட்டது. ஆனால் உடம்பு தானாக வெளியே தள்ளவும் இல்லை. கொஞ்ச நாள் காத்திருக்கலாம், மாத்திரை போடலாம், இல்லையென்றால் மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்துவிடலாம் என்று டாக்டரம்மா வழிகளைச் சொன்னார். கோமதி கடைசி வழியைக் கேட்டாள். “வயித்துல வச்சிக்கினே நடமாட என்னால முடியாதுங்க.”

காலையில் போனோம். சாயங்காலம் திரும்பிவிட்டோம். ‘டி அண்ட் சி’ என்று சொல்கிறார்களே, அதில் ஆஸ்பத்திரி வேலை அவ்வளவுதான். மற்றதெல்லாம் வீட்டில்தான்.

மயக்க ஊசி போட்டதும் அவளுக்கு ஒரு வயல் வந்ததாம். தண்ணீர் கட்டி, நாற்று நட்ட வயல். வானம் முழுக்க அந்தத் தண்ணீருக்குள்ளே. இவள் நாற்றின் தலைமேலேயே நடந்து போகிறாள்... ஒரு நாற்றும் சாயவில்லை. கொலுசு நனையவில்லை. எதிர்வரப்பில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது. முகம் தெரிவதற்குள், “கோமதி, கண்ணத் தொறமா” என்று ஒரு குரல். திறந்தால் பச்சை நிறச் சுவர், டியூப்லைட்.

“இன்னும் கொஞ்ச நேரம் வுட்டிருந்தா அந்த வரப்புக்குப் போயிருப்பேன்” என்றாள், வரும் வழியெல்லாம்.

கிளம்புவதற்கு முன்னால் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். இப்படி யாராவது நிதானமாகச் சொல்லமாட்டார்களா என்று ஏங்குகிற பெண்கள் எத்தனை பேரோ. அதனால் கேட்டபடியே சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கு முழுக்கத் தலை கிறுகிறுக்கும், துணைக்கு ஆள் இருக்கட்டும். உதிரப்போக்கு ஒரு வாரம் இருக்கும், சிலருக்கு இரண்டு வாரம்வரை போகும். நின்ற மாதிரி நின்று மறுபடி கொஞ்சம் படும், பயப்படாதே. அடிவயிறு மாதவிலக்கு நாள் மாதிரி இழுக்கும், மாத்திரை இருக்கிறது. நாப்கின் மட்டும் வை. குளிக்கலாம் — ஆனால் தொட்டியிலோ கிணற்றிலோ இறங்கி வேண்டாம். நடக்கலாம், சமைக்கலாம், குடம் தூக்காதே. புருஷன் பொண்டாட்டி சேர்வது நான் பார்த்துச் சொன்ன பிறகு. அடுத்த மாதவிலக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வரலாம். மாரு கொஞ்ச நாள் கனக்கும். அழுகை வரும் — காரணமே இல்லாமல் வரும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற மாதிரி ரத்தம் போனாலோ, ஜுரம், குளிர், கெட்ட வாடை, ஏறிக்கொண்டே போகிற வலி, மயக்கம்... எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே. அப்படியே கிளம்பி வா.

“சாப்பாடுங்க?” என்று கேட்டேன்.

“எல்லாம் சாப்பிடலாம். கீரை, முட்டை, ஈரல், பேரீச்சம்பழம்... ரத்தம் போயிருக்குது, ஊறணும் இல்ல?”

கடைசியாக கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “வண்டியில போனதால இல்ல. பப்பாளி தின்னதால இல்ல. குனிஞ்சி கோலம் போட்டதால இல்ல. நீ ஒண்ணும் பண்ணல.”

எல்லாம் சரியாகத்தான் நடந்தது — ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பும்வரை.

எதிர்வீட்டுப் பச்சையம்மா அக்கா இட்லிமாவு அரைத்து விற்பவர். அவர் கண்ணுக்குத் தெரியாமல் எங்கள் தெருவில் ஒரு காக்கா உட்கார்ந்து எழுந்துவிட முடியாது. கோமதியைக் கைத்தாங்கலாக இறக்குவதைப் பார்த்துவிட்டார்.

“இன்னாடா சேகரு, பொண்ணு இம்மாம் வெளுத்துப் போயிருக்குது?”

தம்பி ஒரு நொடி என்னைப் பார்த்தான். “காமாலைக்கா” என்றான்.

என் வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன், ஏன்டா இப்படி என்று. “காமாலைன்னா ஒட்டிக்கும்னு பயந்து யாரும் வரமாட்டாங்கக்கா. அது நிம்மதியா படுத்திருக்கட்டும்.”

பாவம், சொந்த ஊரைத் தெரியாதவன். தலைவலி என்றால் மாத்திரை போடு என்பார்கள். சுகர் என்றால் சர்க்கரையைக் குறை என்பார்கள். காமாலைக்கு மட்டும் நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு வைத்தியர் இருக்கிறார்.

மறுநாள் காலையிலேயே பச்சையம்மா அக்கா வந்துவிட்டார். கோமதியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். “பாரு, எப்பிடி மஞ்சளா கீது. நெகத்தப் பாரு. நாக்க நீட்டு... ம். முத்தன காமாலைதான்.”

காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எங்கள் தெருவில் பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் காமாலை இல்லாதவளே மஞ்சள்.

அப்புறம் பத்தியம். உப்பு கிடையாது. எண்ணெய் கிடையாது. தாளிப்பு, முட்டை, கறி, மீன் — வாசனைகூட ஆகாது. உப்பில்லாத நொய்க்கஞ்சி, கொஞ்சம் மோர். பச்சையம்மா அக்காவே காய்ச்சிக் கொண்டுவருவார். கொடுத்துவிட்டுப் போகமாட்டார். எதிரில் உட்கார்ந்து கடைசி வாய் இறங்கும்வரை பார்ப்பார். அன்பு என்றால் அப்படி ஒரு அன்பு... தப்பிக்க வழியே இல்லாத அன்பு.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பது பழமொழி. பொய் சொன்ன தம்பி தன் கடையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போஜனம் போனது கோமதிக்கு.

நான் திருட்டுத்தனமாக முருங்கைக்கீரையும் முட்டையும் பொரித்துக் கொடுத்தேன். அதற்கும் வந்தது வினை.

“இன்னா முட்ட வாசன வருது?”

“பூனைக்குக்கா.”

“உங்க வூட்ல பூன ஏது?”

“தெருப்பூனைக்கா. அப்பப்ப வரும்.”

பச்சையம்மா அக்கா யோசித்தார். அடுத்த வேளை இரண்டு கிண்ணம் வந்தது. “காமால வூட்ல பூனைக்கும் முட்ட ஆவாது. இத வையி அதுக்கு.”

கோமதி போர்வையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் வயிறு இழுக்கிறது என்று நிறுத்தினாள். நிறுத்தினதும் கண்ணில் தண்ணீர் வந்தது. எந்த இடத்தில் சிரிப்பு முடிந்து எது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மாடி ஏற வேண்டாம் என்று அவளை என் வீட்டில்தான் வைத்துக்கொண்டேன். பின்னறை ஜன்னலைத் திறந்தால் கரும்பு வயல். அதற்கு மேலே மேற்கில் கல்வராயன் மலை. மழை பெய்து விட்டிருந்தால் பக்கத்தில் வந்து நிற்கும். வெயில் ஏறினால் கரைந்து போய்விடும்... பகல் முழுக்க இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது.

மத்தியானங்களில் அவள் கட்டிலிலும் நான் கீழே பாயிலுமாகப் படுத்திருப்போம். ஃபேன் சுற்றும். தூரத்தில் கரும்பு லாரி உறுமிக்கொண்டு போகும். பாதித் தூக்கத்தில் அவள் பேசுவாள். நானும் பாதித் தூக்கத்தில் ‘ம்’ கொட்டுவேன். சுவர்க்கடிகாரம் நின்றுபோயிருந்தது. பேட்டரி மாற்ற எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை.

“அண்ணி, மாரு கனக்குது. அதுக்கு இன்னும் தெரியாது போல.”

“எதுக்கு?”

“மாருக்குத்தான். யாரும் போய்ச் சொல்லல போல... புள்ள இல்லன்னு.”

இன்னொரு மத்தியானம், மலை தெரிந்தும் தெரியாமலும் இருந்த நேரத்தில் சொன்னாள்:

“காமாலைக்கு எத்தினி பேரு வராங்க இல்ல?”

“ஆமாமா.”

“அதுக்கு ஒருத்தரும் வரலியே அண்ணி.”

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வந்ததே யாருக்கும் தெரியாது. போனத மட்டும் இன்னான்னு சொல்றது? நானே நெனச்சிக்கறேன்... நெஜமாவே இருந்துதா, இல்ல நாந்தான் கனா கண்டனான்னு.”

இருந்ததற்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது அவளுக்கு. நாங்களோ அவளுக்கு ஒரு காமாலையைக் கொடுத்திருந்தோம்.

கண்ணடி படக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைக்கிறோமே... தங்கினால் சரி, ஊரே கொண்டாடும். தங்காவிட்டால்? அந்தப் பெண் யார் தோளில் சாய்வாள்? தெரிந்தவர்கள்தானே துக்கம் கேட்க முடியும்? எனக்கு இத்தனை வயதாகிறது, பழமொழி பழமொழியாகப் பேசுகிறேன் — இது ஒருநாளும் தோன்றியதில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கை சுட்டது. போர்வையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். வெளியே வெயில் பளிச்சென்று அடிக்கிறது, இவளுக்குக் குளிர். என்னைக் கிட்டே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்: அடிவயிற்று வலி ஏறிக்கொண்டே போகிறதாம், உதிரம் படுவதில் வாடை வேறு.

சேகரைக் கூப்பிடப் போனை எடுக்கிறேன்... வாசலில் ஹாரன். பச்சையம்மா அக்காவின் மகன் தன் ஷேர் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். அக்கா கையில் பை, தண்ணீர் பாட்டில், தலைகாணி. பின்னால் தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர். அக்கா உள்ளே போய்க் கோமதியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஜுரம் வந்துடுச்சா? எனக்குத் தெரியும். முத்தன காமால ஜுரத்துல கொண்டுபோய் வுடும். மலையில ஒருத்தரு பச்சில தராரு. இன்னிக்கு ஞாயித்துக்கெழம, வூட்லதான் இருப்பாரு. கெளம்பு.”

அதற்குள் சேகரும் வந்துவிட்டான். அவனுக்கு வேர்த்தது. “இன்னிக்கு வேணாம்க்கா. மாத்திர போட்டுக்கினு தூங்கட்டும். நாளைக்குப் போலாம்.”

“நாளைக்கா? இன்னாடா ஆம்பள நீ?”

என் வாயில் அடுத்த பொய் தயாராக இருந்தது. டாக்டர் ஆட்டோவில் போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார் — இப்படி ஏதோ ஒன்று. ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று வேண்டாமா?

அதைச் சொல்ல அவள் விடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கோமதி வாசற்படிக்கு வந்துவிட்டாள். குரல் மெலிசாக இருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

“நாளைக்கு இல்ல. இப்பவே போவணும். ஆனா மலைக்கு இல்லக்கா.” மூச்சு வாங்கினாள். “எனக்குக் காமால இல்ல. வயித்துல புள்ள இருந்துது. மூணாம் மாசம். உள்ளயே நின்னுபோச்சி. ஆஸ்பத்திரில சுத்தம் பண்ணிக்கினு வந்து படுத்திருக்கேன். ஜுரம் வந்தா ஒடனே வான்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பச்சையம்மா அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். தலைகாணியை மட்டும் எடுத்துக்கொண்டார். மகனிடம், “வண்டியத் திருப்புடா. ஆஸ்பத்திரிக்கு” என்றார்.

வழியெல்லாம் அவர் கோமதியை ஒரு கேள்வி கேட்கவில்லை. மடியில் படுக்கவைத்துக்கொண்டு, பள்ளம் வரும்போதெல்லாம் வயிற்றை லேசாகப் பிடித்துக்கொண்டார். திட்டு முழுக்க சேகருக்குத்தான்.

“ஏன்டா, சும்மா ஜுரம்னு சொல்லித் தொலைச்சிருந்தாக்கூட கஞ்சில உப்பாச்சும் போட்டிருப்பனேடா.”

உள்ளே கிருமி சேர்ந்திருந்தது. ஊசி, டிரிப்ஸ், மாத்திரை. சீக்கிரம் வந்ததால் மருந்திலேயே அடங்கிவிடும் என்றார் டாக்டரம்மா. இரண்டு நாள் தள்ளியிருந்தால்... அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

சாப்பாடு பற்றிக் கேட்டார். சொன்னோம்.

“உப்பில்லாத கஞ்சியா? ரத்தம் போன ஒடம்புக்கா? யாரு குடுத்தது?”

“நாந்தாங்க” என்றார் பச்சையம்மா அக்கா, கையைக் கட்டிக்கொண்டு.

டாக்டரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி. இனிமே ஈரல் குடுங்க.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சேகர் அழுதான். பக்கத்தில் ஆள் வந்தால் கண்ணில் தூசு என்று துடைத்துக்கொண்டான். பச்சையம்மா அக்கா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இதுக்கும் ஒரு பொய்யக் கண்டுபுடிக்காத. அழுவுடா. உம் புள்ளதான அது?”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அதுவரை அந்தக் குழந்தையை யாரும் ‘அவன் பிள்ளை’ என்று சொல்லவே இல்லை.

வீடு திரும்பின பிறகு, ஈரல் வந்தது. பேரீச்சம்பழம் வந்தது. எள்ளுருண்டை வந்தது. வந்தவர்கள் எல்லாரும் நல்லபடியாகப் பேசினார்கள் என்று சொல்லமாட்டேன். “போனா போவுது, அடுத்தது வரும்” என்றவர்கள்தான் அதிகம். கோமதி அவர்களுக்குத் தலையாட்டிவிட்டு என்னிடம் சொல்வாள்: “பால் பாக்கெட்டா அண்ணி, ஒண்ணு ஒழுவிப்போச்சின்னா வேற வாங்கறதுக்கு?” சிலர் என்ன சொல்வது என்று தெரியாமல் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். ஒரு அம்மா மட்டும் எத்தனை மாதம் என்று கேட்டு, விரல்விட்டு எண்ணி, “தை மாசம் பொறந்திருக்கும்” என்றார். எனக்குப் பகீரென்றது. கோமதியோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆமாங்க, தைதான்” என்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

உடம்பு அதன் கணக்கில் தேறியது. உதிரம் நின்றது. மாதவிலக்கு திரும்பியது — வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக, டாக்டரம்மா சொல்லியிருந்த மாதிரியே. மனசுக்கு அப்படித் தேதி சொல்ல முடியாதாம். ஒருநாள் சிரிக்கும், ஒருநாள் படுத்துக்கொள்ளும். படுக்கட்டும். ரொம்ப நாள் எழுந்திருக்கவே இல்லையென்றால் அதற்கும் டாக்டர் இருக்கிறார்கள், போய்க் கேட்பதில் வெட்கமில்லை.

போன வாரம் கோமதியே கேட்டாள், மலைக்குப் போய்விட்டு வரலாமா என்று. பச்சிலைக்கு இல்லை. சும்மா. டாக்டரம்மாவும் போகலாம் என்றுவிட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் வெள்ளிமலை பஸ் ஏறினோம்.

கூட்டம். கோமதிக்கு ஓர் இடம் கிடைத்தது, மலைக்காரப் பெண் ஒருவருக்குப் பக்கத்தில். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வளைவுகள் ஆரம்பித்ததும் மேகம் இறங்கி வந்தது. முதலில் மரம் மறைந்தது, அப்புறம் ரோடு. பஸ் எதன்மேல் போகிறது என்றே தெரியவில்லை. எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், தூங்குகிற வீட்டுக்குள் நுழைந்த மாதிரி.

அந்தப் பெண் கோமதியைப் பார்த்துச் சிரித்தார். நம் ஊரில் சிரித்தால் அடுத்தது அந்தக் கேள்விதானே.

“எத்தினி புள்ளைங்க?”

வாயைத் திறந்தேன் — ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றிவிட. கோமதி என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

“ஒண்ணு வந்துச்சிங்க” என்றாள். “தங்கல.”

அந்தப் பெண் “ஐயோ” என்று சொல்லவில்லை. அடுத்தது வரும் என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் மடியில் இருந்த மூட்டையோடு எழுந்து, “இப்படி வந்துடு. காத்து வரும்” என்று ஜன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தார். மேலே போய்ச் சேரும்வரை, மேகம் விலகுகிற இடத்திலெல்லாம், “அது சாம... இது மரவள்ளி... அந்த மரம் கடுக்கா” என்று காட்டிக்கொண்டே வந்தார். கோமதி கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆறுதல் சொல்ல வார்த்தை வரவில்லையா? கவலை வேண்டாம்... கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், போதும்.